வெள்ளைப் பெட்டி

வேலம்பாளையத்துத் தங்கசாமிக் கவுண்டர் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் தேர்தலில் நின்றார். அதன் பிறகு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். காட்டின மாட்டுக்கே மறுபடியும் காட்டுவார். தோற்றுப்போன வெட்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஊருக்கு என்ன, அது எதையாவது நினைத்துக்கொண்டேதான் இருக்கும். தோற்றதைப் பற்றி மட்டும் என்றால் மனுஷன் ஒரு வருஷத்தில் மறந்திருப்பார்.

திருச்செங்கோட்டிலிருந்து கிழக்கே வண்டி கட்டினால் இரண்டு மணி நேரத்தில் வேலம்பாளையம் வந்துவிடும். அங்கே அவருக்குப் பதினெட்டு ஏக்கர் பூமி, இரண்டு கிணறு, நல்ல ஜோடிக் காளை, ஊருக்குள் ஓட்டு வீடு, தோட்டத்தில் ஓலை வேய்ந்த ஒரு சாளை. பெரிய பண்ணை என்று சொல்ல முடியாது. சிறியது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நெட்டையான ஆள். குரல் மட்டும் ஆண்டவன் தாராளமாகக் கொடுத்தது. கிணற்று மேட்டில் நின்று அவர் பேசினால் அடுத்த தோட்டத்தில் ஏற்றம் இறைப்பவன் பதில் சொல்வான்.

அந்தக் குரல்தான் அவரைப் பெரிய மனுஷராக்கியது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்துச் சோளத்தட்டுகூட மிஞ்சாத சமயம், நிலத் தீர்வையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஜமாபந்திக்கு வந்த கலெக்டர் முன்னால் ஒரு மனுவை நின்றபடியே படித்தார். பதினோரு கிராமத்துக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடிக்குக் கீழே போனது, எந்த ஊரில் எத்தனை உருப்படி மாடு விற்றுப்போனது, எல்லாம் அதில் இருந்தது. கலெக்டர் அதைக் கையில் வாங்கி மறுபடியும் படித்தாராம். தீர்வை பாதியாகக் குறைந்தது. அன்று முதல் அவருக்கு மனுக் கவுண்டர் என்று பேர் வந்தது.

அந்த மனுவில் ஒரு எழுத்துகூட மனுக் கவுண்டருடையது இல்லை. எழுதியவள் அவர் தங்கை வசந்தாமணி.

அவரைவிட எட்டு வயது இளையவள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்திருந்தாள். பத்தொன்பது வயதில் புருஷன் வாந்திபேதியில் போய்ச் சேர, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் பங்காக வர வேண்டிய நாலு ஏக்கரைப் பங்காளிகள் அமுக்கப் பார்த்தார்கள். அவள் சண்டைக்குப் போகவில்லை, எழுதினாள். கர்ணத்துக்கு எழுதினாள், தாசில்தாருக்கு எழுதினாள், பதில் வராவிட்டால் போன கடிதத்தின் தேதியைப் போட்டு மறுபடியும் எழுதினாள். ஒன்பது வருஷம் இப்படி எழுதி எழுதிப் பட்டாவைத் தன் பேருக்கே வாங்கிவிட்டாள். பூமியை அங்கேயே வாரத்துக்கு விட்டிருந்தாள்.

இது தெரிந்ததும் சுற்று வட்டாரத்தில் அவளைப் போலத் தாலியை இழந்து, பூமியையும் இழக்கப் போகிறவர்கள் மாரக்காள், ராசம்மாள் என்று ஒவ்வொருவராக அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வாசல் வழியாக வர மாட்டார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும் யார் எதிரிலாவது பட்டுத் தொலைத்தால் வம்பு என்று, ஆள் நடமாட்டம் குறைந்த உச்சி வெயிலில் பின்பக்கமாக வருவார்கள். வசந்தாமணி அவர்களுக்கு மோர் கொடுத்து, கதையைக் கேட்டு, காகிதம் எழுதிக் கைநாட்டு வாங்கி அனுப்புவாள். தங்கசாமிக்கு அந்த நேரம் தூங்குகிற நேரம். யார் வந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம், சட்டசபைக்குப் போயிருந்த மெம்பர் திடீரென்று இறந்துபோனார். காலியான இடத்துக்கு மறுபடி தேர்தல் என்று தமுக்கு அடித்தார்கள். பதினோரு ஊர்க்காரர்களும் வந்து தங்கசாமிதான் நிற்க வேண்டும் என்றார்கள். கட்சி கிட்சி எதுவும் வேண்டாம், தீர்வையைக் குறைத்தவருக்குச் சட்டசபை என்ன பெரிய விஷயம் என்றார்கள். அவர் இரண்டு நாள் வேண்டாம் என்று சொன்னார். மூன்றாம் நாள் திருச்செங்கோட்டில் கோட்டு தைக்க அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. தீர்வை கட்டுகிறவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் உண்டு. அவர்களுடைய பெண்சாதிகள் சிலருக்கும் உண்டு. போன தேர்தல் பட்டியலில் வசந்தாமணி பேரை விட்டுவிட்டார்கள்; அதற்கும் எழுதினாள். இந்த முறை ஓட்டு ஜாபிதாவில் அண்ணன் பேருக்கு அடுத்த வரியில் அவள் பேரும் அச்சாகியிருந்தது. அதை அவள் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து எந்த நல்லது கெட்டதிலும் முன்னால் நிற்காதவள், தன் காலால் நடந்து போய்த் தன் கையால் அண்ணனுக்கு ஒரு சீட்டைப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதைத் தவிர அவள் அந்த வீட்டில் எதையும் கேட்டதில்லை.

கூட்டத்தில் என்ன பேசுவது என்பதையெல்லாம் அவள்தான் எழுதினாள். ஓமலூர்ப் பக்கம் சந்தையில் பேசுவதற்கு ஒரு பேச்சு, நாமக்கல் கடைவீதியில் பேசுவதற்கு வேறு. அவர் காளைகளைக் கழுவிக்கொண்டே உருப்போடுவார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. படிக்கத் தெரியாதவர்கள் நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். பெரிய கட்சிக்காரருக்கு மஞ்சள் என்று முன்பே முடிவாகியிருந்தது. மீதி நிறங்களைச் சேலத்தில் அதிகாரி முன்னால் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் முதலில் கையை விட்டுச் சிவப்பை எடுத்தார். தங்கசாமி பச்சை வர வேண்டும் என்று மலைமேல் இருக்கிற அர்த்தநாரீசுவரரை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். வெள்ளை வந்தது.

வீட்டுக்கு வந்து சீட்டை அவர் தூண் ஓரமாக வைத்தார். மனைவி சௌந்திரம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தம்பி சின்னுசாமிதான் தேர்தல் வேலையெல்லாம் பார்த்தவன்; அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மஞ்சளுக்கு எதிரே வெள்ளை. மஞ்சள் என்றால் தாலிக்கயிறு, கல்யாணம். வெள்ளை என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்ல வேண்டியதை உடுத்திக்கொண்டு ஒருத்தி சமையல்கட்டு நிலைப்படியில் நின்றாள்.

அவள் மட்டும்தான் சிரித்தாள்.

"இதுக்கென்னத்துக்குங்ணா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கறீங்க? கொடிக்குத் துணிகூட வாங்க வேண்டாம். என்ற சேலையில ஒண்ணக் கிழிச்சாப் போதும்."

தங்கசாமி சிரிக்கவில்லை. அன்று அவர் கூடவே சிரித்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். அவருக்கு உள்ளே சுருக்கென்றது, அவ்வளவுதான். தங்கை மேல் பிரியம் இல்லாதவர் இல்லை. ஆனால் பிரியம் வேறு, சகுனம் வேறு என்று வைத்திருந்தார் மனுஷன்.

பிரசாரம் தொடங்கியது. வாடகைக்கு ஒரு மோட்டார், ஏழெட்டு மாட்டு வண்டி, இரண்டு கொட்டுக்காரர்கள். மோட்டார் பாதி நாள் தள்ளுகிற வேலையாகவே இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஆண்கள் நன்றாகத்தான் பேசினார்கள். தீர்வையைக் குறைத்த கதையை அவர்களே அவருக்குச் சொன்னார்கள். வீட்டுக்குள் போனால்தான் சிக்கல். மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு வீட்டில், ஓட்டு உள்ள ஒரு பெண்பிள்ளை வெற்றிலையை வாங்கிக்கொண்டு, உங்களுக்கே போடுவேனுங்க, ஆனால் வெள்ளையில் போட்டு ஊட்டுக்காரருக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வார்கள் என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே பயந்திருந்தாள். மஞ்சள் பெட்டிக்காரர்கள் யாரும் இதைச் சொல்லிக் கிளப்பிவிடவில்லை. அது தானாகவே கிளம்பி ஊர் ஊராக வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

சின்னுசாமி கெட்டிக்காரன். மறுநாளிலிருந்து வெள்ளைப் பெட்டி என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது, பால் பெட்டி என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டான். பால் பெட்டி, விபூதிப் பெட்டி, பஞ்சுப் பெட்டி என்று வாய்க்கு வந்தபடி சொல்லிப் பார்த்தார்கள். பால் கொஞ்சம் எடுபட்டது. ராசிபுரத்து நெய் வியாபாரியும் நின்றதால் வெண்ணெய் என்று மட்டும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மத்தியானம் வசந்தாமணி நாலைந்து தாள்களோடு அண்ணன் முன்னால் வந்து நின்றாள். ஜாபிதாவை முழுக்க உட்கார்ந்து படித்து, அதிலிருந்து சில பேர்களை மட்டும் ஊர்வாரியாகப் பிரித்து எழுதியிருந்தாள். மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். எல்லாம் பெண்கள்.

"இவியெல்லாம் புருசன் பேர்ல ஓட்டு வந்தவிய இல்லீங்ணா. அவியவிய பேர்லயே பட்டா இருக்குது. என்னையாட்ட வெள்ளச் சேலைக்காரிய. பாதிப் பேர்த்துக்குக் காயிதம் எழுதுனதே நாந்தான். எனக்கு ஒரு வண்டி மட்டும் குடுங்க. மாரக்காளையும் ராசம்மாளையும் கூட்டிக்கிட்டு நான் ஊரூராப் போயிட்டு வாரேன். நம்ம பொட்டின்னு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், வந்து போட்டுருவாங்க."

தங்கசாமி தாளை வாங்கிப் பார்த்தார். சின்னுசாமிதான் முதலில் சிரித்தான். ஓட்டுக் கேட்கப் போகிற வண்டி நிறையக் கைம்பெண்களை ஏற்றி ஊருக்குள் ஓட்டினால், கேட்கிற ஓட்டு மட்டுமில்லை, கையில் இருக்கிற ஓட்டும் போய்விடும் என்றான். நாங்கள் நாள் முழுக்கப் பால் பால் என்று கத்திக்கொண்டிருக்கிறோம், அக்கா போய் அது வெள்ளைதான் என்று சாட்சி சொல்லப் போகிறாரா என்று கேட்டான். தங்கசாமி பார்க்கலாம் என்று சொன்னார். பார்க்கலாம் என்றால் அந்த வீட்டில் இல்லை என்று அர்த்தம். வசந்தாமணிக்கும் அது தெரியும்.

ஓட்டுக் கேட்கப் போன ஆட்களும் அந்த வீடுகளுக்குப் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது முதல் வீடாக அங்கே நுழைய வேண்டாம் என்று தாண்டிப் போனார்கள், திரும்பும்போது நேரமாகிவிட்டது என்று தாண்டி வந்தார்கள். வழக்கம் அப்படி. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவர்கள் எப்படிப் போவார்களோ, அப்படியேதான் ஓட்டுக் கேட்கவும் போனார்கள்.

ஓட்டுப் போடுகிற நாளுக்கு முந்தின நாள், சின்னுசாமி தங்கசாமி காதில் மெதுவாக ஒன்றைப் போட்டான். வசந்தாமணி அக்கா நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து நின்றால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். வெள்ளைப் பெட்டிக்காரர் வீட்டு வெள்ளைச் சேலை என்று ஒருத்தன் சொன்னால் போதும். அது மட்டுமில்லை, விடிந்ததும் மாமா கிளம்பும்போது அக்கா வீட்டிலேயே இல்லாமல் இருப்பது நல்லது என்றான்.

தங்கசாமி வெகுநேரம் யோசித்தார். யோசித்தார் என்பது உண்மை. அதனால் என்ன பிரயோஜனம்? பொழுது இறங்குவதற்குள் தங்கையைக் கூப்பிட்டு, இரண்டு நாள் தோட்டத்துச் சாளையில் போய் இருந்துகொள், கடலைக்காய் காய்கிறது, காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்.

"ஏனுங்ணா, என்ற ஓட்டு?" என்று கேட்டாள் அவள்.

"ஒரு ஓட்டுல என்ன ஆயிரப் போவுது, அம்மிணி. அடுத்த எலச்சன்ல போட்டுக்கலாம்."

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். எந்தக் கடலைக்காயைக் காக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாதா? உள்ளே போய் மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் நடந்து போனாள். அவர் காளைகளுக்குத் தீனி போடப் போய்விட்டார்.

மறுநாள் சௌந்திரம் நிறைகுடத்தோடு எதிரே வர, மனுக் கவுண்டர் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பள்ளிக்கூடத்தில் ஆண்கள் வரிசை புளியமரம் வரைக்கும் நின்றது. பெண்கள் வரிசை சின்னதுதான்; மஞ்சள் பூசிப் பூ வைத்துக்கொண்டு வந்தவர்கள். உச்சி வேளையில் அவர் அந்த வரிசையை ஒருமுறை கண்ணால் துழாவினார். ஒரு வெள்ளைச் சேலைகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்த மூச்சைத்தான் பிற்பாடு அவரால் மறக்க முடியாமல் போனது.

சேலத்தில் எண்ணினார்கள். மஞ்சள் பெட்டிக்காரர் ஜெயித்தார். தங்கசாமிக்கும் அவருக்கும் வித்தியாசம் நூற்று எண்பத்து நாலு ஓட்டு. மாலை போட வந்த ஊர்க்காரர்கள் மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் பஸ் ஏறித் திருச்செங்கோட்டில் இறங்கி, வண்டிக்கு ஆள் அனுப்பாமல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். அதற்குள் வசந்தாமணி வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். சுடச்சுடச் சோறு போட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். தோட்டத்துக்குப் போகிற வண்டித் தடத்தில் அறுபது வயது மாரக்காள் எதிரே வந்தாள். ஆறு மைல் தள்ளி உள்ள ஒரு ஊர்க்காரி. பட்டா விஷயமாக வசந்தாமணியைப் பார்க்க வருகிறவள். ஆண் ஆள் வருகிறதே என்று தடத்தை விட்டு வேலியோரம் ஒதுங்கி நின்றாள். தங்கசாமி அன்று ஏனோ நின்று, சௌக்கியமா என்று கேட்டார். கிழவிக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க தோத்துப் போயிட்டீங்கன்னு கேட்டு எங்களுக்கெல்லாம் ஒரே வெசனமுங்க சாமி. வெள்ளப் பொட்டின்னு சொன்னதும் அது நம்ம பொட்டியின்னுதான் இருந்துது எங்களுக்கு. எங்கூர்ல மட்டும் பதினாலு பேரு இருக்கறோம். வசந்தாமணி இன்னிக்கு வந்து கூப்புடும், நாளைக்கு வந்து கூப்புடும்னு பாத்துட்டே இருந்தோம். ஓட்டுப் போடற அன்னிக்கிச் சேலையத் தொவச்சுக் கட்டிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தோமுங்க."

நடந்தே வந்திருக்கலாமே என்று அவர் கேட்டார்.

"கூப்புடாத எடத்துக்கு எங்களாட்டம் இருக்கறவ வரலாமுங்களா? நாங்க வந்து நின்னு நீங்க தோத்திருந்தா, இந்த முண்டச்சிக வந்ததுனாலதான்னு சொல்ல மாட்டாங்களா, சாமி?"

அவள் போய்விட்டாள். தங்கசாமி தோட்டத்துக்குப் போகவில்லை. தடத்து ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு ஊரில் பதினாலு. பதினோரு ஊர் மட்டுமா, தொகுதியில் எத்தனை ஊர்? முந்நூற்றுப் பதினெட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தால் போதும். தாளைக் கையில் கொடுத்தாளே. வண்டி ஒன்றே ஒன்றுதானே கேட்டாள். எழுந்து வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார்.

வசந்தாமணி களத்தில் உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"தப்புப் பண்ணீட்டேன், அம்மிணி" என்றார். "மாரக்காளப் பாத்தேன். உன்ற பேச்சக் கேட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

அவள் கடலையை உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, கோபமே இல்லாமல், மனுவில் தேதி கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நான் வராமயே நீங்க ஜெயிச்சிருந்தீங்கன்னா?"

அவருக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

"என்னச் சாளைக்கு அனுப்பிச்சது சரிதான்னு இருந்திருப்பீங்க. அவிய வராததும் நல்லதுன்னு இருந்திருப்பீங்க. இன்னிக்கு நூத்து எம்பத்து நாலு ஓட்டுக் கொறஞ்சு போச்சுன்னு வந்து உக்காந்திருக்கறீங்க. எனக்காவ வந்து உக்காந்திருக்கறீங்களாங்ணா?"

தங்கசாமி வாயைத் திறந்தார். கிணற்று மேட்டிலிருந்து அடுத்த தோட்டத்தைக் கூப்பிடுகிற குரல் வெளியே வரவில்லை. அவள் மறுபடியும் கடலையை எடுத்துக்கொண்டாள். நானும் நடந்தே வந்திருப்பேன், மாரக்காளுக்கு இருந்த பயம்தான் எனக்கும் இருந்தது என்று மட்டும் கடைசியில் சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, சண்டை போடவில்லை. முன்பு போலவே சோறு போட்டாள், பேப்பர் படித்துக் காட்டினாள். ஏரி மதகு உடைந்தபோது அண்ணனுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். அதே சுத்தமான எழுத்து, அதே கணக்கு. அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சமாதானமாக இருந்திருக்கும். உனக்காகத்தான் வருந்துகிறேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவர் நூறு தடவை நினைத்தார். ஒவ்வொரு தடவையும் அது உண்மைதானா என்று தனக்குள்ளேயே ஒரு சந்தேகம் வந்து வாயை அடைத்தது. அடுத்த தேர்தல் வரட்டும், அவளை முன்னால் உட்கார வைத்து வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போவது, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

அடுத்த தேர்தல் வரவில்லை. உலகச் சண்டை வந்தது. சட்டசபையே இல்லாமல் போனது. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் வரிசையில் நிற்கிற காலம் வந்தது. வருஷம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. மத்தியான வெயிலில் பின்பக்கமாக வருகிறவர்கள் மட்டும் குறையவில்லை. இப்போது தங்கசாமி அந்த நேரத்தில் தூங்குவதில்லை. ஆனால் அவர் விழித்திருக்கிறார் என்று தெரிந்தால் அவர்கள் கூச்சப்படுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே படுத்திருப்பார்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் வசந்தாமணிக்கு விஷக் காய்ச்சல் கண்டது. திருச்செங்கோட்டிலிருந்து டாக்டரைக் கூட்டி வந்து காட்டினார். பன்னிரண்டு நாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் இருந்தார். ஒருமுறை அவள் கண்ணைத் திறந்து, ராசம்மாளின் காகிதத்தைத் தாலுகா ஆபீசில் சேர்த்தாகிவிட்டதா என்று கேட்டாள். ஆச்சு அம்மிணி என்றார். சேர்க்கவில்லை, மறுநாள் ஆள் அனுப்பிச் சேர்த்தார். பதின்மூன்றாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். முப்பத்தொன்பது வயது. ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போடாமலே போனாள்.

சாவு வீட்டுக்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. செய்தி எட்டினால் போதும். முதலில் மாரக்காள் வந்தாள். அப்புறம் ராசம்மாள். அப்புறம் அவர் பேர் தெரியாதவர்கள். ஆறு மைல், பத்து மைல் நடந்து, செருப்பில்லாத காலோடு, இந்த முறை வாசல் வழியாகவே வந்தார்கள். வாசல் நிறைந்து, களம் நிறைந்து, வண்டித் தடம் வரைக்கும் வெள்ளைச் சேலையாக நின்றது. இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே ஊரில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

தங்கசாமி தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தியும் வந்து, குனிந்து, முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு நகர்ந்தாள். அவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தன் உதடு அசைந்துகொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. எழுபத்தாறு, எழுபத்தேழு, எழுபத்தெட்டு. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

நிறுத்த முயன்றார். களத்து ஓரத்திலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். எண்பத்திரண்டு என்று மனசு தானாகவே சொன்னது.

ஐந்து வருஷமாகத் தேடின பதில் அதுதான். நான் வராமலே ஜெயித்திருந்தால் என்று கேட்டாளே, அதற்குப் பதில். தனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தங்கை கண் முன்னால் கிடக்கும்போதுகூட அவர் ஓட்டு எண்ணுகிறவர்தான். அவர் மேல்துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கூடப் பிறந்த பாசம், தாங்க முடியவில்லை பாவம் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்கள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.